திருஷ்டி சீன்

சாந்தாமணி இன்னும் எழுதவே எழுதாத நாடகத்தை நொய்யல் ஒலி என்னும் ரேடியோ நிலையம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நிராகரித்தது.

கடிதம் போனில் வந்தது. தோசைக் கரண்டியைக் கீழே வைக்காமலேயே படித்தாள். 'தாங்கள் அடுத்து எழுதவிருக்கும் "தூசி" என்னும் ஒரு மணி நேர நாடகம் எங்கள் பரிசீலனையில் தேர்வு பெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். காரணம்: நான்காம் காட்சியில் மூத்தவள் தங்கையிடம் மன்னிப்புக் கேட்பது நம்பும்படியாக இல்லை. தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி.'

அந்த நாடகத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. ஒரு வரி எழுதியதில்லை. 'தூசி' என்ற தலைப்பே ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போதுதான் மனதில் வந்தது. அதற்குள் ஒருவன் படித்து, பிடிக்கவில்லை என்று சொல்லி, நன்றியும் சொல்லிவிட்டான். தோசை கருகி வீடெல்லாம் புகை. அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றக் கிளம்பினாள்.

பெயரில்தான் சாந்தம். ஐம்பத்தெட்டு வயதில் அந்த அம்மாள் சண்டை போடாத ஆள் என்று கோயமுத்தூரில் யாரையாவது காட்டினால், அந்த ஆள் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். நொய்யல் ஒலிக்கு முப்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நாடகம் எழுதியிருக்கிறாள். திரும்பி வந்தவையும் உண்டு. வந்தால் திட்டுவாள், மறுநாள் வேறொன்று எழுத உட்காருவாள். ஆனால் இந்த ஒன்று திரும்பி வரக் கூடாத நாடகம்.

காங்கேயத்தில் அவள் தங்கை கலாமணி இருக்கிறாள். பதினைந்து வயதில் நூல் மில் விடுதிக்குப் போய், பஞ்சுத் தூசியைத் தின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். இப்போது மூக்கில் குழாய் மாட்டாமல் பத்தடி நடக்க முடியாது. பத்தொன்பது வருடமாக அக்காவோடு பேச்சு கிடையாது. காரணத்தை அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. போன் எடுக்கமாட்டாள், கல்யாணம், சாவு என்று எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நொய்யல் ஒலி நாடகத்தை ஒரு வாரம்கூட விடாமல் கேட்கிறாள் என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். டாக்டர் ஒரு வருடம் என்று சொல்லியிருக்கிறார் என்பதையும் அவள்தான் சொன்னாள். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாததை ரேடியோவில் சொல்லிவிடலாம் என்று சாந்தாமணி நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நிலையத்தின் ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவு என்று ஒன்று உண்டு. நிராகரித்த நாடகத்தை ஐந்து வருடத்துக்கு எந்த நிலையத்திலும் ஒலிபரப்பக் கூடாது. கலாமணியிடம் ஐந்து வருடம் இல்லை.

அவினாசி ரோட்டில் ஏழாவது மாடியில் நாடகப் பிரிவு. அதன் தலைவன் பிரகதீஷ், முப்பத்து நாலு வயது. ஆறு வருடத்துக்கு முன்னால் பயிற்சிக்கு வந்தபோது அவள் வீட்டுக்கு வந்து, அக்கா அக்கா என்று கூப்பிட்டு, இரண்டு முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தவன். நாற்காலி கிடைத்ததும் அக்கா மேடம் ஆகிவிட்டாள்.

சாந்தாமணி போனை மேசைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டாள். அவன் படித்துவிட்டு, முன்பிரதி மேடம், என்றான். போன மாதம் எல்லா எழுத்தாளர்களுக்கும் சுற்றறிக்கை வந்ததே, பார்க்கவில்லையா என்று வேறு கேட்டான். சுற்றறிக்கை படிக்கிறவள் நாடகம் எழுதமாட்டாள் என்று அவள் சொன்னாள்.

"உங்க இருநூத்துப் பன்னெண்டு நாடகத்தையும் மெஷினுக்குக் குடுத்திருக்கோமுங்க," என்றான் பிரகதீஷ். "அடுத்து நீங்க என்ன எழுதுவீங்களோ அதை அதுவே எழுதிப் பார்த்துரும். இன்னொரு மெஷின் அதைப் படிச்சு, தேறுமா தேறாதான்னு சொல்லிரும். தேறாததை நீங்க மூணு மாசம் உக்காந்து எழுதி, நாங்க திருப்பி அனுப்பி, நீங்க இங்க வந்து எங்களைத் திட்டி... உங்க சிரமத்தைக் குறைக்கலாம்னுதாங்க."

"என்ற சிரமத்தைக் குறைக்கச் சொல்லி நான் எப்பத் தம்பி உங்ககிட்டக் கேட்டேன்?"

"கேக்க மாட்டீங்க மேடம். அதுவும் மெஷினுக்குத் தெரியும்."

பிறகு நடந்த பேச்சை முழுவதும் எழுத முடியாது. எழுதாததை நிராகரிக்க நீ யார் என்று அவள் கேட்டாள். எழுதினால் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள், சந்தேகம் இருந்தால் படித்துப் பாருங்கள் என்று அவன் சொன்னான். ஆட்சேபம் தெரிவிக்கிறவர்களுக்குப் பிரதியைக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறதாம். படிக்கலாம், வெளியே எடுத்துப் போகக் கூடாது.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து அறுபத்து நாலு பக்கத்தைக் கொடுத்தார்கள். சாந்தாமணி அதை ஒரே வெறுப்போடு எடுத்தாள். இரண்டாவது பக்கத்தில் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அவளுடைய எழுத்தேதான். தூரத்தில் தறிச் சத்தம் என்று தொடங்கியிருந்தது. அப்பன்காரன் பேசும்போதெல்லாம் பாதியில் இருமினான், அவளுடைய எல்லா அப்பன்களையும் போல. கதை இதுதான். மில் ஏஜென்ட் வீட்டுக்கு வருகிறான். பெரியவளை வேலைக்குக் கேட்கிறான். பெரியவளுக்குப் படிக்க ஆசை. தனக்கு இளைப்பு இருக்கிறது, பஞ்சில் நின்றால் செத்துப்போவேன் என்று பொய் சொல்கிறாள். சின்னவள் போகிறாள். மூன்றாம் காட்சியில் பெரியவள் தங்கையைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறாள். நான்காம் காட்சியில் இருபது வருடம் கழித்துத் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கத்துக்கு அழுகிறாள்.

அந்தப் பொய் சாந்தாமணி நிஜமாகச் சொன்ன பொய். பெற்ற தாய்க்கும் தெரியாது. செத்துப்போன புருஷனுக்கும் தெரியாது. அவள் வெளியே வந்தபோது குரல் இறங்கிப்போயிருந்தது. இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள்.

பிரகதீஷ் திரையைப் பார்த்துச் சொன்னான். "உங்க நாடகத்துல நூத்து நாப்பதுல ஒரு தங்கச்சி வருதுங்க. பாதியில வெளியூர் போயிருது. எதுக்குப் போச்சுன்னு ஒருக்காக்கூட நீங்க சொன்னதில்ல. இன்னொரு அறுவதுல யாராச்சும் ஒருத்தர் நோவுன்னு பொய் சொல்லித் தப்பிச்சுக்குவாங்க. சொல்லாம விட்டதை எல்லாம் ஒண்ணு சேர்த்தா இந்தக் கதைதான் வருதாம். கதை நல்லாத்தான் இருக்குதுங்க. நாலாவது சீன்தான் சரியில்ல."

அங்கேதான் சாந்தாமணி நிமிர்ந்தாள். நாலாவது சீன் சரியில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் அது ஏன் சரியில்லை என்பது இந்தப் பையனுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். சொன்னால் முப்பது வருட மானம் போகும். கலாமணியை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

ரேடியோ எழுத்தாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தை வாங்கும் அதிகாரி எதையாவது வெட்டியே ஆகவேண்டும். வெட்டாமல் அனுப்பினால் நீ எதற்கு அங்கே சம்பளம் வாங்குகிறாய் என்று அவரை மேலே இருப்பவர் கேட்பார். குறையில்லாத நாடகம் கொடுத்தால் உயிரான இடமாகப் பார்த்துக் கை வைப்பார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே ஒரு மட்டமான காட்சியை நடுவில் வைப்பார்கள். புது வீட்டு வாசலில் ராட்சச முகம் வரைந்த பூசணிக்காயைத் தொங்கவிடுகிறோமே, அதுபோல. பெயரே திருஷ்டி சீன். அதிகாரி அதைப் பாய்ந்து வெட்டுவார், ஜென்மம் சாபல்யமானதுபோல் உட்காருவார், மற்றதைத் தொடமாட்டார். சாந்தாமணிக்கு எப்போதும் நாலாவது காட்சி. யாராவது ஒருவர் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டு ஒன்றரைப் பக்கம் அழுவார்கள். அதை எழுத அவளுக்கு யோசனையே தேவையில்லை, கை தானாக ஓடும். அந்தக் காட்சிகள் இருநூற்றுப் பன்னிரண்டும் வெட்டுப்பட்டன. ஒன்றுகூட ஒலிபரப்பானதில்லை.

மெஷினுக்கு இவர்கள் கொடுத்தது வெட்டுப்படாத கையெழுத்துப் பிரதிகள். பூசணிக்காயும் வீட்டைச் சேர்ந்ததுதான் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

பிரகதீஷின் முகம் சிவந்தது. அவனும் மூன்று வருடமாக அவளுடைய நாடகங்களில் நாலாவது சீனை வெட்டியிருக்கிறான். வெட்டிவிட்டு, சாந்தாமணி மேடத்துக்கே நான் திருத்தம் சொல்கிறேன் என்று சாப்பாட்டு இடைவேளையில் பெருமை பேசியிருக்கிறான்.

"அப்ப எங்களை எல்லாம் முட்டாளாக்கி வெச்சிருந்தீங்க."

"நான் ஆக்கல தம்பி. இருந்த இடத்துலதான் வெச்சேன்."

இதற்குமேல் மரியாதை நிற்கவில்லை. நிலையத்தை ஏமாற்றியதற்கு உங்கள் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம் என்று அவன் குரலை உயர்த்தினான். செய்யேன், காலையில் திட்டுவதற்கு ஒரு ஆள் குறையும் என்று அவள் சொன்னாள். கடைசியில் விதிதான் இரண்டு பேரையும் பிரித்துவைத்தது. பழைய பிரதிகளில் தவறு இருப்பதாக எழுத்தாளர் எழுதிக் கொடுத்தால், திருத்திவிட்டு மெஷினை மறுபடி ஓட்டவேண்டும். எல்லா நாடகங்களிலிருந்தும் நான்காம் காட்சியை நீக்கும்படி சாந்தாமணி எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், அவை பொய், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறு கடிதம் வந்தது. 'தங்களின் "தூசி" நாடகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஒலிபரப்பாகும். தாங்கள் எழுத வேண்டிய அவசியமில்லை. சம்மதக் கையெழுத்து மட்டும் போதும்.'

ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரியிடம் சிரித்துக்கூடப் பேசினாள். எழுதாமலே நாடகம் போவது கேவலம்தான், இருக்கட்டும், கலாமணி காதில் விழுந்தால் சரி என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பிரகதீஷ் கடுகடுவென்று பிரதியை நீட்டினான். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவள் வழக்கமில்லை. அதே கண்ணாடி அறையில் உட்கார்ந்து படித்தாள்.

இது முதலில் படித்ததைவிட அருமையாக இருந்தது. பொய், ஏஜென்ட், பஸ் ஸ்டாண்டு, முறுக்குப் பொட்டலம் எல்லாம் அப்படியே. அதற்குப் பிறகு காலைப் பிடிப்பதும் இல்லை, அழுகையும் இல்லை. மூத்தவள் படிக்கிறாள், பேர் வாங்குகிறாள். வருடங்கள் போகின்றன. கடைசியில் தங்கை வீட்டுத் தெருவழியாகக் காரில் போகிறாள், நிறுத்தச் சொல்ல வாயெடுக்கிறாள், சொல்லவில்லை. மழைச் சத்தம். முடிந்தது. கீழே பரிசீலனை மெஷினின் குறிப்பு: 'மூத்தவள் கடைசிவரை மன்னிப்புக் கேட்காமல் இருப்பது மிகவும் நம்பும்படியாக உள்ளது.'

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பை எடுத்துவிட்டால் தன்னிடம் மிஞ்சுவது இதுதானா என்று கேட்டுக்கொண்டாள். இதுதான். காரில்கூட இல்லை, போன தீபாவளிக்குப் பஸ்ஸிலேயே அந்தத் தெருமுனையைத் தாண்டிப் போயிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு முறை மன்னிப்பு எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் இன்னொருவன் வெட்டுவான் என்ற தைரியத்தில். வெட்டினவனை முட்டாள் என்று சிரித்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

பிரகதீஷ் பேனாவோடு வந்து நின்றான். அவள் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள்.

"இப்ப என்னங்க வேணும் உங்களுக்கு? நிராகரிச்சாலும் சண்டை, ஏத்துக்கிட்டாலும் சண்டை."

"அந்த மொதப் பிரதியைக் குடு. நிராகரிச்சீங்களே, அது."

"நிராகரிப்பை நீங்க ஒத்துக்கிட்டாத்தான் அதை வெளிய குடுக்க முடியும். அஞ்சு வருசத்துக்கு எங்கயும் ஒலிபரப்ப முடியாது. ஏத்துக்கிட்டதும் போயிரும்."

"ஒலிபரப்பத்தான் கூடாது. ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டலாமா?"

அவன் விதிப்புத்தகத்தைத் திரையில் தேடினான். ஒருத்தருக்குப் படித்துக் காட்டுவதைப் பற்றி யாரும் விதி எழுதியிருக்கவில்லை. எடுத்துட்டுப் போங்க, இனிமேல் இந்தப் பக்கம் வராதீங்க என்று அறுபத்து நாலு பக்கத்தையும் மேசைமேல் போட்டான். நிராகரிப்பை ஒத்துக்கொள்ளும் தாளில் கையெழுத்திட்டுவிட்டு அவள் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டே முக்காலுக்குக் காங்கேயத்தில் கலாமணியின் வீட்டு வாசலில் நின்றாள். வரிசை வீட்டில் மூன்றாவது. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மூச்சு மெஷின் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கலாமணி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பார்த்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

நாடகம் படித்துக் காட்ட வந்ததாகச் சாந்தாமணி சொன்னாள். மூணு மணிக்கு ரேடியோவுல வரும், போ, என்றாள் கலாமணி. இது வராது, திருப்பி அனுப்பிட்டாங்க, என்றாள் இவள். அங்கயே நின்னு படி, உள்ள வராத, என்று கலாமணி சொன்னாள்.

ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சாந்தாமணி படித்தாள். முப்பது வருடமாக நடிகர்கள் பேசித்தான் அவளுக்குப் பழக்கம், சொந்தக் குரலில் படித்ததில்லை. ஏஜென்ட் வந்தான். இளைப்பு என்ற பொய் வந்தது. அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் பார்க்கப் பயந்து தாளையே பார்த்துப் படித்தாள். உள்ளே மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் காட்சிக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு, ஜன்னல், முறுக்குப் பொட்டலம்.

"நிறுத்து," என்றாள் கலாமணி.

நிறுத்தினாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வந்தியா நீ?"

வந்தேன் என்றுதான் சாந்தாமணி நினைத்திருந்தாள். எத்தனையோ நாடகங்களில் எத்தனையோ தங்கைகளைப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

"மில்லு வேன் வாசலுக்கே வந்துச்சு." கலாமணி இரண்டு மூச்சுக்கு ஒரு வாக்கியமாகத்தான் பேசினாள். "நீ உள்ள கட்டல்ல படுத்துக்கிட்டு இளைப்பு வந்தவளாட்ட இழுத்துட்டுக் கெடந்த. எந்திரிச்சுக்கூட வல்ல. நான் ஒரு சொம்புத் தண்ணி மோந்துட்டு வந்து உன்ற தலைமாட்டுல வெச்சேன். நான் போயிட்டா உனக்குத் தண்ணி குடுக்க ஆரு இருக்கறான்னு அழுதுட்டேதான் வண்டி ஏறுனேன். முறுக்காமா முறுக்கு."

சாந்தாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது காட்சி கையில் இருந்தது. ஒன்றரைப் பக்கம். காலைப் பிடித்து அழும் வசனம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதைப் படிக்க வெட்கமாக இருந்தது. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இதைத் திருப்பி அனுப்புனவன் நல்ல காரியம் பண்ணுனான்," என்றாள் கலாமணி. "போ. நடந்தது என்னமோ அதை எழுதிட்டு வா. அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து படி. பொய்யா இருந்துச்சுன்னா மறுக்காத் தொரத்துவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டாள். யாரோ எழுதிய ஏதோ ஒரு நாடகம் ஓடத் தொடங்கியது. சாந்தாமணி பஸ் ஏறினாள்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. பல்லடம் தாண்டும்போதே பையிலிருந்து நாலாவது காட்சியை எடுத்து, அதன் முதுகுப் பக்கத்தில், பஸ் குலுங்கக் குலுங்க எழுதினாள். வாசலில் வேன் சத்தம். சின்னவள் சொம்பை வைத்துவிட்டுப் போகிறாள். கட்டிலில் பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுகிறாள். வேன் தெருமுனை திரும்பிச் சத்தம் தேய்கிறது. இங்கே அவள் பேனா நின்றது. அடுத்து நடந்தது நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது. பெரியவள் எழுந்து உட்கார்ந்து அந்தத் தண்ணீரை முழுவதும் குடிக்கிறாள் என்று எழுதினாள்.